அசைந்தால் குறையும் வலி

முதுகு வலிக்கிறது என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் பதில், "பேசாமல் கொஞ்ச நேரம் படு" என்பதுதான். மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு ஒன்றிரண்டு நாள் அந்தப் பதில் போதும். எனக்கு 23 வயதில் தொடங்கிய முதுகுவலி அப்படிப்பட்டதாக இல்லை. படுக்கப் படுக்கக் கூடியது. அதிகாலை மூன்று மணிக்கு, இடுப்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல விழிப்பு வரும். எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தால் அரை மணி நேரத்தில் கட்டு மெல்லத் தளரும். விடிந்ததும் அம்மா, "ராத்திரி பூரா நடந்தா முதுகு எப்படிப்பா சரியாகும்?" என்று கேட்பார். நடந்ததால்தான் சரியானது என்று சொல்ல அப்போது எனக்கே தெரியவில்லை.

அந்த வலிக்குப் பெயர் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். சுருக்கமாக ஏஎஸ் என்பார்கள். இந்த நோய் என்ன, இதன் வலியோடு ஒரு நாளை எப்படி நகர்த்துவது என்பதை, புதிதாக இதைக் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, 18 ஆண்டுகளாக இந்த முதுகோடு வாழ்கிறவன். மருந்து பற்றிய எந்த முடிவையும் உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

நம் ஊரில் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றாலே கழுத்துப் பட்டைதான் நினைவுக்கு வரும். "எனக்கும்தான் ஸ்பாண்டிலைட்டிஸ், ஒரு மாசம் பட்டை போட்டேன், சரியாயிடுச்சு" என்று அக்கறையோடு சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஸ்பாண்டிலோசிஸ். வயது ஏற ஏறக் கழுத்தெலும்பு தேய்வதால் வருவது அது. நான் பேசுவது தேய்மானத்தைப் பற்றி அல்ல, அழற்சியைப் பற்றி. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே தவறுதலாக உடலின் சில இடங்களைத் தாக்குகிறது. முதியவர்களைவிட இருபதுகளில் இருப்பவர்களிடம்தான் இது அதிகம் தொடங்கும். 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது அரிது.

எந்த இடங்களைத் தாக்குகிறது? முதுகின் அடியில், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் சிறு குழிபோல் தெரியும் அல்லவா? அதற்கு உள்ளே முதுகெலும்பின் கடைசி முக்கோண எலும்பு, இடுப்பெலும்போடு சேர்கிறது. சாக்ரோ இலியாக் மூட்டு என்பார்கள். பெரும்பாலோருக்கு அழற்சி அங்கேதான் தொடங்குகிறது. அதனால் ஆரம்பத்தில் அது முதுகுவலியாகவே தெரியாது. பிட்டத்தில் ஆழமாக வலிக்கும், ஒரு வாரம் இடது பக்கம், அடுத்த வாரம் வலது பக்கம். சிலருக்குக் குதிகாலிலோ விலா எலும்புகள் நெஞ்செலும்போடு சேரும் இடத்திலோ வலி வரும். எலும்போடு தசைநாரும் தசைநாணும் ஒட்டியிருக்கும் இடங்கள்தான் இந்த நோயின் குறி என்று தெரிந்த பிறகுதான், என் குதிகால் வலிக்கும் முதுகுவலிக்கும் என்ன உறவு என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன் குதிகாலுக்குத் தனியாக இரண்டு ஜோடி செருப்பு மாற்றியிருந்தேன்.

அழற்சி வந்து போகும் இடத்தை உடல் சரிசெய்யப் பார்க்கிறது. காயம் ஆறும்போது தழும்பு விழுவதுபோல, அங்கே புதிய எலும்பு வளர்கிறது. ஆண்டுகள் போகப் போக, ஒரு முள்ளெலும்புக்கும் அடுத்த முள்ளெலும்புக்கும் இடையே எலும்புப் பாலம் கட்டிவிடலாம். எக்ஸ்ரேயில் அது கணுக்கணுவாக மூங்கில்போலத் தெரியும், மருத்துவர்களும் அதை மூங்கில் முதுகெலும்பு என்றே சொல்வார்கள். இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். எல்லோருக்கும் அந்த நிலை வருவதில்லை. இன்றைய மருத்துவத்தின் பெரும் முயற்சியே அங்கே போகவிடாமல் தடுப்பதுதான்.

ஹெச்எல்ஏ பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1973இல் கண்டுபிடித்தார்கள். அதனால் அந்த ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. மரபணு இல்லாத சிலருக்கு வருகிறது. ஆகவே பாசிட்டிவ் என்று வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ரத்தம் எடுக்கத் தேவையில்லை.

எப்படிச் சந்தேகப்படுவது

முதுகுவலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிறது. எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாமல் மெல்ல வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் உடம்பு விறைத்துக் கிடக்கிறது. இரவின் பின்பாதியில் வலி எழுப்பிவிடுகிறது. நடந்தால் குறைகிறது, ஓய்வெடுத்தால் குறையவில்லை. 40 வயதுக்குள் இவையெல்லாம் ஒருவருக்குச் சேர்ந்து இருந்தால், அவர் ருமட்டாலஜிஸ்ட் என்னும் மூட்டு அழற்சி மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பு முறிவுக்குப் பார்க்கும் மருத்துவத் துறை வேறு, இது வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, ஆகவே ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். எலும்பில் மாற்றம் தெரிய ஆண்டுகள் ஆகலாம். அதற்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்தால் அந்தச் சாக்ரோ இலியாக் மூட்டில் உள்ள அழற்சி தெரியக்கூடும். உடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இயல்பாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது ஆண்களின் நோய் என்று மருத்துவ உலகமே நீண்ட காலம் நம்பியது. பெண்களுக்கும் வருகிறது, கண்டுபிடிக்கத்தான் இன்னும் தாமதமாகிறது. நம் வீடுகளில் ஒரு பெண் முதுகு வலிக்கிறது என்றால், "சிசேரியன்ல முதுகுல போட்ட ஊசி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். குழந்தை பிறந்து நான்கு ஆண்டுகள் கழித்தும் அதிகாலையில் எழ முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் வலி, அந்த ஊசியால் வந்தது என்று யாரும் தாமாக முடிவு செய்யக் கூடாது.

இன்றைக்கு எந்த வலி?

தினசரி வலியைச் சமாளிப்பதில் எனக்குப் பெரிதும் உதவியது ஒரே ஒரு புரிதல். எனக்கு இருப்பது ஒரு வலி என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரே முதுகில் நான்கு வகை வலிகள் வந்து போகின்றன. ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். அதனால் காலையில் கண் விழித்ததும் என்னை நானே கேட்டுக்கொள்வது, எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, எது வலிக்கிறது என்பதைத்தான்.

முதலாவது, விறைப்பின் வலி. அசையாமல் கிடந்ததால் வருவது. இதற்கு அசைவுதான் மருந்து, ஆனால் சட்டென்று எழுந்து உட்கார்வது அசைவில் சேராது. நான் படுக்கையிலேயே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். மல்லாந்து படுத்தபடி ஒரு முழங்காலை நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து பிடித்து, விட்டு, அடுத்த காலை எடுப்பேன். பிறகு இரண்டு முழங்காலையும் மடக்கி, சேர்த்து வைத்து, இடமும் வலமுமாக மெல்லச் சாய்ப்பேன். முதல் நான்கைந்து முறை மரக்கட்டைபோல இருக்கும், பத்தாவது முறை இடுப்பு கொஞ்சம் இடம் கொடுக்கும். எழும்போது நேராக எழாமல், முழு உடலையும் ஒரே துண்டாகப் பக்கவாட்டில் உருட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

அப்புறம் வெந்நீர். குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பொறுக்கும் சூட்டில் முதுகின் மேல் பக்கெட் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொள்வதில் கிடைக்கும் சுகத்தை இந்த நோய் உள்ளவர்களிடம் கேட்டால்தான் தெரியும். வெந்நீர் பட்ட பிறகு தசை இளகியிருக்கும். உடற்பயிற்சிக்கு அதுதான் நல்ல நேரம். கை, முழங்கால்களை ஊன்றி நின்று முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்குவது, சுவரில் குதிகால், பிட்டம், தோள், பின்தலை எல்லாம் படும்படி நிற்பது, விலா விரிய ஆழமாக மூச்சிழுப்பது, இவற்றைத்தான் நான் செய்கிறேன். மூச்சுப் பயிற்சி எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகளும் இறுகினால் நெஞ்சு விரிவது குறையும், அதைத் தடுக்கத்தான் அது. உங்களுக்கு எந்தப் பயிற்சி பொருந்தும் என்பதை ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டால் நல்லது. நீச்சல் வசதி இருப்பவர்கள் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால், தரையில் மறுக்கும் முதுகு அங்கே அசைய ஒப்புக்கொள்ளும்.

இரண்டாவது, அழற்சி ஏறும்போது வரும் வலி. "இன்னைக்கு ஏறியிருக்கா?" என்று என் மனைவி கேட்பார், காய்ச்சலைக் கேட்பதுபோல. எங்கள் வீட்டில் அந்தச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது. இது விறைப்புபோல ஒரு மணி நேரத்தில் கலையாது. நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் இருக்கும். உடம்பெல்லாம் காய்ச்சலுக்கு முந்தைய நாள்போலக் கனக்கும். இந்த நாட்களில் வழக்கமான பயிற்சியை முழுதாகச் செய்ய முயன்றால் தோற்போம், முழுதாக விட்டாலும் தோற்போம். பாதியாக்கிக் கொள்ள வேண்டும். அரை மணி நடை பத்து பத்து நிமிடமாக உடையட்டும். பயிற்சிகளில் மூன்று மட்டும் போதும். அலுவலகத்தில் அன்றைக்குத் தள்ளிப்போடக்கூடிய வேலை தள்ளிப்போகட்டும். மருத்துவர் இதற்கென்று முன்கூட்டியே என்ன மாத்திரை சொல்லியிருக்கிறாரோ அதை, தாங்கிப் பார்ப்போம் என்று மூன்று நாள் பல்லைக் கடித்த பிறகு இல்லாமல், தொடக்கத்திலேயே எடுங்கள். ஏறிய வலி இறங்காமல் அடிக்கடி வந்தால், அது நீங்கள் இன்னும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அறிகுறி ஆகாது. மருந்து போதவில்லை என்பதற்குத்தான் அது அறிகுறி, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, தசையின் வலி. இதைத்தான் நாமே வரவழைத்துக்கொள்கிறோம். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் எனக்கு உடம்பு அதிசயமாக லேசாக இருந்தது. இத்தனை நாள் மற்றவர்கள் தலையில் விழுந்த வேலையை இன்று முடித்துவிட வேண்டும் என்ற குற்ற உணர்வில், காலை முதல் மாலை வரை ஒட்டடை அடித்து, பரண் மேல் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கி ஏற்றினேன். அடுத்த நான்கு நாள் பண்டிகையையும் சேர்த்துப் படுக்கையில் கழிந்தது. நோய் முற்றிவிட்டது என்று பயந்துபோனேன். முற்றவில்லை. மூட்டைக் காக்க எப்போதும் இறுகிக் கிடக்கும் தசைகளுக்கு, பழக்கமில்லாத வேலையை ஒரே நாளில் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, அதற்கு வட்டி கட்டுவதுபோல அடுத்த நாட்களில் கிடப்பது, நாள்பட்ட வலி உள்ள எல்லோரும் சிக்கும் சுழல். இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, நல்ல நாளிலும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது. வலி வந்ததும் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் எப்போதும் தாமதமாகிவிடும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று தோன்றுகிற வேலைக்கு நான் 20 நிமிடம் வைத்துக்கொள்கிறேன், இடையில் வேறு வேலை. மேசை வேலையும் அப்படித்தான். 40 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எழும்போது தண்டனை உண்டு. அதனால் பெரிய தண்ணீர் பாட்டிலை மேசையில் வைப்பதை நிறுத்திவிட்டேன். சின்ன டம்ளர்தான். தாகம் எடுத்தால் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு மைக் ஆதர்டனைத் தெரிந்திருக்கும். இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்த அவருக்கும் இதே நோய்தான். 1995 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 643 நிமிடம் களத்தில் நின்று 185 ரன் எடுத்து, ஆட்டமிழக்காமல் தோல்வியைத் தடுத்தார். இந்த முதுகோடு பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்பது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும் என்பதால், அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும். அதே முதுகினால் 2001இல், 33 வயதிலேயே அவர் ஆட்டத்தை விட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "அவர் விளையாடலையா? உனக்கு என்ன?" என்று யாரிடமும் கேட்பதற்கான கதை இல்லை இது.

நான்காவது, புதிய வலி. இதுவரை வராத இடத்தில், வராத விதத்தில் வருவது. இதைச் சமாளிக்கக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்த பிறகு, அது சின்ன விழுகையாக இருந்தாலும், கழுத்திலோ முதுகிலோ புதிதாகக் கடும் வலி வந்தால் உடனே மருத்துவமனை. இணைந்து இறுகிய முதுகெலும்பு வளைந்து கொடுக்காது. அதோடு இந்த நோயில் எலும்பின் அடர்த்தியும் குறையக்கூடும் என்பதால், சிறு விழுகையில் கூட முறியலாம். காலில் மரத்துப்போவது, பலவீனம், சிறுநீர், மலம் போவதில் மாற்றம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கண்ணும் இதில் சேரும். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் மெட்ராஸ் ஐ என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை யுவைட்டிஸ் என்ற கண் அழற்சி வருகிறது. அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்து, ஏஎஸ் இருப்பதையும் சொல்ல வேண்டும். சிகிச்சை தாமதமானால் பார்வை பாதிக்கப்படலாம்.

இரவு

பகலைவிட இரவைப் பற்றித்தான் இந்த நோய் உள்ளவர்கள் அதிகம் கேட்பார்கள். பகலில் வலித்தால் சொல்ல ஆள் உண்டு. இரவு மூன்று மணிக்கு வீடே தூங்கும்போது விழித்துக் கிடப்பது வேறு மாதிரியான தனிமை. அந்த நேரத்தில் மனம் நல்லதை நினைக்காது. இன்னும் 30 வருடம் இப்படியா என்றுதான் போகும். இதைச் சொல்ல நான் தயங்கவில்லை, நீங்களும் தயங்க வேண்டாம். மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்தே வருகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு.

விழிப்பு வந்ததும் புரண்டு புரண்டு படுத்துப் போராடாமல், எழுந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, அந்த முழங்கால் சாய்க்கும் பயிற்சியை நான்கு முறை செய்துவிட்டுப் படுத்தால் மறுபடி தூக்கம் வர வாய்ப்பு அதிகம். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். தலையணை மெல்லியதாக இருக்கட்டும். உயரமான தலையணை கழுத்தை முன்னே வளைத்தே வைத்திருக்கும், நோயும் அதே திசையில்தான் கழுத்தை இழுக்கிறது. மெத்தை குழியாமல் இருக்க வேண்டும், அதற்காகக் கட்டாந்தரை வேண்டாம். தூங்கப் போகும் முன் முடிந்தவர்கள் பத்து, பதினைந்து நிமிடம் குப்புறப் படுத்திருப்பது நல்லது. நாள் முழுக்கக் கூன்போட முயன்ற முதுகை நேர்ப்படுத்த அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாகத் தூங்கிய நாளிலும் இந்த நோயில் களைப்பு இருக்கும். உடலுக்குள் அழற்சியைத் தூண்டும் அதே ரசாயனங்கள்தான் களைப்பையும் உண்டாக்குகின்றன. வெளியே தெரியாத ஒன்று என்பதால் சோம்பேறித்தனம் என்று பெயர் கிடைக்கும். வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு பத்தியையாவது படித்தால் போதும்.

மாத்திரையும் ஊசியும்

வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்ற மாத்திரைகள் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். ஆனால் ஏஎஸ்ஸில் இவை வெறும் வலி மறைப்பான்கள் அல்ல, அழற்சியையே குறைப்பவை. சிகிச்சையின் முதல் படியே இவைதான். மருத்துவர் சொன்ன அளவில், ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் அவ்வப்போது சோதிக்கப்படும் நிலையில் எடுப்பது ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு, இரண்டு பெயரில் ஒரே வகை மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது முற்றிலும் வேறொன்று. காலை விறைப்பு கடுமையாக இருந்தால், மாத்திரையை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் எடுப்பது சிலருக்குப் பெரிய மாற்றம் தருகிறது.

இவை போதாதவர்களுக்குப் பயலாஜிக் ஊசிகள் இருக்கின்றன. அடாலிமுமாப், எட்டனர்செப்ட், செக்குகினுமாப் என்றெல்லாம் பெயர்கள் வரும். நோய் எதிர்ப்பு அமைப்பின் தவறான உத்தரவைக் கொண்டுசெல்லும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை இவை தடுக்கின்றன. விலை அதிகம்தான். ஆனால் அடாலிமுமாப் மருந்தின் உலகின் முதல் பயோசிமிலர், அதாவது மூல மருந்தை ஒத்து வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்து, 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது, அதன் பிறகு செலவு ஓரளவு குறைந்திருக்கிறது. ஊசி தொடங்கும் முன் காசநோய் உடலில் உறங்கிக் கிடக்கிறதா என்று சோதிப்பார்கள். நம் நாட்டில் அதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் இந்த ஊசிகளில் சில அதைத் தட்டி எழுப்பிவிடும்.

லேபிள் இல்லாத பொடிகளும் சூரணங்களும் இரண்டே நாளில் வலியை மாயமாக்கினால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே பல மாதம் எடுத்துவிட்டீர்கள் என்றால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

புகை பிடிப்பவர்கள் விட்டாக வேண்டும். முதுகெலும்பு இணைவதை அது வேகப்படுத்துகிறது. உணவில் இதைத் தின்றால் குணமாகும் என்று நிரூபணமானது எதுவும் இல்லை. எலும்புக்குத் தேவையான கால்சியமும் வைட்டமின் டியும் கிடைக்கட்டும், எடை கூடாமல் இருக்கட்டும்.

கழுத்தைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். நாற்காலியில் உட்காரும்போதே, "அண்ணே, கழுத்துல கை வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சுளுக்கு எடுப்பவரிடமும் அப்படியே. எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிவிடுவதில் தவறில்லை, முறுக்குவதும் மிதிப்பதும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

"எப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டதும், ஆறு மாத வலியை மறந்துவிட்டு "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், ஒரு முறை இரு முறை அல்ல. அவரைப் பார்க்கும் நாளில் உடம்பு லேசாக இருந்தால் அப்படித்தான் ஆகிறது. இதற்கு நல்ல கருவி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் 1994இல் உருவாக்கிய பாஸ்டாய் என்ற ஆறு கேள்விகள். களைப்பு எவ்வளவு, கழுத்து, முதுகு, இடுப்பு வலி எவ்வளவு, மற்ற மூட்டுகளில் எவ்வளவு, தொட்டால் வலிக்கும் இடங்கள் எப்படி, காலை விறைப்பு எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் நீடிக்கிறது. கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண். கணக்கிட்டு வரும் மதிப்பு 4 அல்லது அதற்கு மேல் என்றால் நோய் அடங்கவில்லை என்று கொள்வார்கள். நான் மாதம் ஒருமுறை தினக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இந்த ஆறு எண்களையும் எழுதி வைக்கிறேன். மருத்துவர் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் ஒருமுறை என் மருந்தை மாற்றினார்.

என் பர்ஸில் இன்னொரு தாளும் இருக்கிறது, லேமினேட் செய்தது. பேருந்திலோ சாலையிலோ அடிபட்டு நான் பேச முடியாமல் கிடந்தால், ஆம்புலன்ஸில் வருபவர்கள் பார்ப்பதற்காக. அதில் மூன்று வரிகள்தான்: "எனக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளது. கழுத்தும் முதுகும் இறுகியவை, எளிதில் முறியும். தலையை நேராக்க முயலாமல், இப்போது இருக்கும் வளைவிலேயே அடியில் துணி அல்லது தலையணை வைத்துத் தூக்கவும்." கீழே மனைவியின் தொலைபேசி எண்.